இரண்டு தடவை ‘வேண்டாம்’ சொன்ன ஊர்

வெள்ளி, ரயிலில்

தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வந்தால் டொரொண்டோவில் பாதிப் பேர் ஏரிக்கரை காட்டேஜுக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் மாண்ட்ரியல் ரயிலில் ஏறிவிட்டேன். ஏற வைத்தவன் அலுவலக நண்பன். மாண்ட்ரியலில் வளர்ந்த ஈழத்தமிழன். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, “95இல கனடா உடையப் பாத்தது, தெரியுமோ? அரை ஸ்டேடியம் சனம் மாறிப் போட்டிருந்தா முடிஞ்சுது கதை” என்றான். எனக்கு அது தெரியும், ஆனால் ஏதோ ஒரு வரிச் செய்தியாகத்தான் தெரியும். “அப்பாவைப் போய்ப் பார். அதுக்கு முதல் ஆர்கானின்ட படத்தைப் பார்” என்றான்.

டெனி ஆர்கான் எடுத்த ‘லெ கான்ஃபோர் எ லாந்திஃபெரான்ஸ்’. வசதியும் அலட்சியமும் என்று தமிழில் சொல்லலாம். 1981ல் வந்த டாக்குமெண்டரி. கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் தயாரிப்பு, அதாவது மத்திய அரசின் பணம். மாண்ட்ரியல் இருக்கும் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக் தனிநாடாகலாமா என்று 1980ல் நடந்த முதல் வாக்கெடுப்பும் அதன் தோல்வியும்தான் விஷயம். ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். ஒன்டாரியோ ஏரி கொஞ்ச நேரம் கூட வரும், அதன் பிறகு வயல், மறுபடி வயல். காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

படத்தில் மாக்கியவெல்லி வருகிறார். ஆமாம், 500 வருடத்துக்கு முந்தைய இத்தாலிக்காரர். ழான்-பியேர் ரொன்ஃபார் என்ற நாடக நடிகர் அந்தக் காலத்து உடுப்போடு உயரமான கட்டடம் ஒன்றில் நின்றுகொண்டு, கீழே தெரியும் மாண்ட்ரியலைப் பார்த்தபடி, அரசன் எப்படி நடக்க வேண்டும், ஜனங்களை எப்படிப் பிடித்து வைக்க வேண்டும் என்று நிதானமாக ஒப்பிக்கிறார். அவர் பேசி முடித்ததும் காட்சி 1980க்குத் தாவுகிறது. மேடைகள், கொடிகள், தலைவர்கள், நடுவே சாமானிய ஜனங்கள். கிழவர்களுக்குப் பென்ஷன் பயம். இன்னொருவருக்கு வேலை பயம். ‘எங்களுக்கு என்ன குறை? நன்றாகத்தானே இருக்கிறோம்’ என்கிறவர்களும் உண்டு. கேமரா அவர்களை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆர்கான் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவர். அந்தப் படிப்பும் அதோடு வரும் கசப்பும் ஒவ்வொரு வெட்டிலும் தெரிகிறது.

ரொம்பக் கெட்டிக்காரத்தனமான படம். சிரித்துக்கொண்டே பார்த்தேன். கிங்ஸ்டன் தாண்டும்போது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்ற நெருடல் வந்துவிட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. வாக்குப் போட்டுத் தனிநாடு கேட்பது என்பதே நமக்குக் கொஞ்சம் விநோதமாகத்தான் படும். 1963ல் இந்திய அரசியல் சட்டத்தின் 16வது திருத்தம் வந்து, நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தால்தான் தேர்தலில் நிற்கலாம் என்றானது. அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். இங்கே கதையே வேறு. பிரிவதற்கென்றே ஒரு கட்சி, அது ஆட்சியில் உட்கார்ந்தது, சீட்டு அடித்துக் கையில் கொடுத்து, ‘என்ன சொல்கிறீர்கள்?’ என்று ஜனங்களிடமே கேட்டது.

சனி, மாண்ட்ரியல்

காலையில் 18ஆம் நம்பர் பஸ்ஸில் போபியன் தெரு வழியே கிழக்கே போனேன். பி-நஃப் சாலை வெட்டும் மூலையில் இறங்கினேன். இங்கேதான் பால் சொவே அரங்கம் இருந்தது. 1990களில் இடித்துவிட்டார்கள். இப்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. சாதாரணக் கட்டடங்கள், பஸ் நிறுத்தம். 2025 நவம்பர் 2ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தல் என்பதால் கம்பத்துக்குக் கம்பம் சிரிக்கும் வேட்பாளர் முகங்கள். ஒரு போட்டோ எடுத்தேன். அதில் குப்பைத் தொட்டிதான் நன்றாக விழுந்திருக்கிறது.

ஆனாலும் இந்த மூலையில் நின்றே ஆக வேண்டும் என்று வந்தேன். மூன்று பெரிய பேச்சுகள் இந்த ஒரே கூரைக்குக் கீழேதான் நடந்தன. 1976 நவம்பர் 15 இரவு, தனிநாடு கேட்கும் அந்தக் கட்சி, பார்ட்டி கெபெக்வா, முதல் தடவையாக ஜெயித்தபோது அதன் தலைவர் ரெனே லெவெக் இங்கே வந்து, கியூபெக்காரனாக இருப்பதில் இவ்வளவு பெருமைப்படுவேன் என்று நினைத்ததே இல்லை என்றார். 1980 மே 14, வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்பு, பிரதமர் பியர் ட்ரூடோ இதே மேடையில் ஏறினார். தன் பெயரில் இருக்கும் ‘எலியட்’டை வைத்து எதிர் முகாம் கிண்டல் செய்ததைப் பிடித்துக்கொண்டு, அது என் அம்மாவின் பெயர், அவர்கள் இங்கே வந்து 200 வருடத்துக்கு மேலாகிறது என்று பொரிந்து தள்ளினார். ‘வேண்டாம்’ என்று போடுங்கள், அரசியல் சட்டத்தை மாற்றிக் காட்டுகிறோம், எங்கள் எம்.பி. பதவிகளையே பணயம் வைக்கிறோம் என்றும் சொன்னார். மே 20 இரவு மறுபடி லெவெக். தோல்வி. எதிராக 59.56 சதவீதம், ஆதரவாக 40.44 சதவீதம். கூட்டம் கைதட்டி ஓயவில்லை. அந்தக் குள்ளமான மனிதர் பேச முடியாமல் நின்றுவிட்டு, “உங்களை நான் சரியாகப் புரிந்துகொண்டேன் என்றால், ‘அடுத்த தடவை பார்க்கலாம்’ என்கிறீர்கள்” என்றார்.

ட்ரூடோ சொன்னபடி அரசியல் சட்டத்தை மாற்றவும் செய்தார். 1981 நவம்பரில் ஓர் இரவு, லெவெக் தலைநகர் ஒட்டாவாவுக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹல் நகரத்து ஹோட்டலில் படுத்திருக்க, மற்ற மாகாணங்களோடு பேச்சை முடித்துவிட்டார்கள். கியூபெக்கின் கையெழுத்து இல்லாமலே 1982ல் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்றுவரை அந்தக் கையெழுத்து விழவில்லை.

1980ன் கேள்வியைத் தேடிப் படியுங்கள். நூறு சொல்லைத் தாண்டும் ஒரே வாக்கியம். சுருக்கினால் இப்படி வரும்: கனடாவோடு சமமாக உட்கார்ந்து புது ஒப்பந்தம் பேசப் போகிறோம். சட்டம், வரி, வெளியுறவு எல்லாம் எங்கள் கையில். ஆனால் நாணயம் ஒன்றாகவே இருக்கும். பேசி முடித்த பிறகு இன்னொரு வாக்கெடுப்பில் கேட்காமல் எதையும் மாற்ற மாட்டோம். சரி, பேசப் போகலாமா? அவ்வளவுதான். பிரியலாமா என்று கேட்கவே இல்லை, பிரிவதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஜனங்கள் வசதியை விட்டுத்தர மாட்டேன் என்கிறார்களே என்று ஆர்கான் குத்திக் காட்டுகிறார். கேட்டவர்களே ‘உங்கள் டாலர் பத்திரம்’ என்று முதலில் சொல்லிவிட்டுத்தானே கேட்டார்கள்?

மதியம் டவுன்டவுன். பிளாஸ் தியு கனடா பூங்காவில் பத்து நிமிடம். 1995 அக்டோபர் 27ஆம் தேதி, இரண்டாவது வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்பு, ‘எங்களை விட்டுப் போகாதீர்கள்’ என்று மற்ற மாகாணத்துக்காரர்கள் விமானத்திலும் பஸ்ஸிலும் வந்து இங்கே குவிந்தார்கள். பிரம்மாண்டமான ஒரு கனடாக் கொடி கூட்டத்தின் தலைக்கு மேல் கை மாறிக் கை மாறிப் போனது. பல கியூபெக்காரர்களுக்கு அது அன்பாகவும் படவில்லை, நியாயமாகவும் படவில்லை. 15 வருஷமாக எட்டிப் பார்க்காதவன் கடைசி நிமிடத்தில் கட்டிப்பிடித்தால் யாருக்குப் பிடிக்கும்?

அங்கிருந்து ரெனே லெவெக் சாலையில் மேற்கே நடக்கலாம். அவர் 1987ல் இறந்ததும் டோர்செஸ்டர் என்று இருந்த பெயரை மாநகராட்சி மாற்றியது. டோர்செஸ்டர் பிரபு ஒரு பிரிட்டிஷ் ஆளுநர். அட்வாட்டர் வரை லெவெக். அதைத் தாண்டினால் வெஸ்ட்மவுண்ட், தனி நகராட்சி, பழைய ஆங்கிலப் பணக்காரர்களின் ஊர். அங்கே அதே சாலைக்கு இன்னும் டோர்செஸ்டர் என்றுதான் பெயர். தெருப் பெயர்ப்பலகையின் நிறமும் எழுத்தும்கூட வேறு. சிக்னலைத் தாண்டினால் வேறு அரசாங்கம்.

அதே அட்வாட்டரில்தான் பழைய ஃபோரம் இருக்கிறது. மாண்ட்ரியல் ஹாக்கி அணி 1996 வரை விளையாடிய இடம், இப்போது சினிமாவும் கடைகளும். 1980 ஏப்ரல் 7ஆம் தேதி இதற்குள் பதினாலாயிரம் பெண்கள் போல வந்து ‘வேண்டாம்’ என்று கோஷம் போட்டார்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘இவெத்’. பள்ளிப் பாடப்புத்தகத்தில் இவெத் என்று ஒரு சின்னப் பெண் வருவாள். அம்மாவுக்கு ஒத்தாசை, பாத்திரம் கழுவுதல், வாய் திறக்காத நல்ல பிள்ளை. லெவெக்கின் அமைச்சர் லீஸ் பயெத் அசல் பெண்ணியவாதி. அந்தப் பாடத்தைக் கிண்டல் செய்தவர், பேச்சு வேகத்தில் எதிர்க்கட்சித் தலைவர் கிளோட் ரயனும் ஓர் இவெத்தைத்தான் கட்டியிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். ரயனின் மனைவி மாட்லென் பொதுவேலையில் தேய்ந்த பெண்மணி. பத்திரிகையில் தலையங்கம் வந்தது, வீட்டுப் பெண்கள் கொதித்தார்கள், ‘நாங்கள் எல்லாரும் இவெத்’ என்று கிளம்பிவிட்டார்கள். எதிர் முகாம் அதுவரை களை கட்டாமல் கிடந்தது. அதற்கு உயிர் கொடுத்தது இந்த ஒரு வாய்த்தவறுதான் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

இதையெல்லாம் யோசித்தால் எனக்கு ‘அலட்சியம்’ என்ற சொல் பொருந்தவில்லை. 100க்கு 85 பேருக்கு மேல் வந்து வாக்குப் போட்ட தேர்தல் அது.

சாயங்காலம் பழைய மாண்ட்ரியல், மாநகராட்சி மாளிகை. 1967ல் பிரெஞ்சு அதிபர் சார்ல் தெ கோல் அந்த மாடத்தில் நின்று ‘சுதந்திர கியூபெக் வாழ்க!’ என்று கத்தி, விருந்தாளியாக வந்த வீட்டில் நெருப்பு வைத்துவிட்டுப் போனார். கீழே ஒரு கல்யாண ஜோடி போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தது. குளிர் தாங்கவில்லை, அறைக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு, கோத்-தெ-நேஜ்

நண்பனின் அப்பா வீடு. மூன்றாம் மாடி அபார்ட்மெண்ட், லிப்ட் கிடையாது. படியேறும்போதே சொதி வாசனை. ஆன்ட்டி இடியப்பமும் சம்பலும் எடுத்து வைத்துவிட்டு, “வடிவாச் சாப்பிடுங்கோ, கதையைப் பிறகு கதைக்கலாம்” என்றார். அங்கிள் அவ்வளவு நேரம் பொறுக்கவில்லை.

“87இல மிராபெல் எயார்போட்டில வந்து இறங்கினனான், தம்பி. இப்ப அங்க ஆக்கள் ஏறி இறங்கிற பிளேனே இல்லை. முதல் ஒரு ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவினது. பிறகு ஷபனெல் தெருவில தையல் ஃபக்டரி. பின்னேரம் பிரெஞ்சு வகுப்பு.”

1977ல் கொண்டுவந்த 101ஆம் சட்டப்படி வந்தேறிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். நண்பனும் அவன் அக்காவும் அப்படிப் படித்தவர்கள்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, டீவியில் ஆங்கிலம். இப்படி வளர்ந்த தலைமுறையை இங்கே ‘101ன் பிள்ளைகள்’ என்றே சொல்கிறார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அங்கிள் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். ரப்பர் பேண்டு போட்ட கடிதங்கள், பழைய குடியுரிமை அட்டை, 1995ல் வீட்டுக்கு வந்த வாக்கெடுப்புப் புத்தகம். அதற்குள் மகன் சின்ன வயதில் சேர்த்த ஸ்டிக்கர் ஒன்று. ‘உய்’, அதாவது ‘ஆம்’. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து வட்டமாக இருக்கும் இல்லையா, அந்த வட்டத்தின் இடத்தில் ஒரு டெய்சிப் பூ. ஓரம் மஞ்சளாகி, பின்பக்கத்துப் பசை காய்ந்து, ஒரு நாற்பது பக்க நோட்டு அட்டையின் துண்டோடு கிழிந்து வந்திருக்கிறது. அந்தத் தடவை ‘ஆம்’ முகாமின் போஸ்டர்களில் வட்டத்துக்குப் பதில் பூ, சமாதானச் சின்னம், பூமி உருண்டை என்று விதவிதமாக வரும். அதில் ஒன்று கனடாவின் ஒரு டாலர் நாணயம். தனிநாடு கேட்கும் போஸ்டரில், பிரியப் போகும் நாட்டின் காசு! 1980ல் கேள்விக்குள் இருந்த டாலர் 1995ல் போஸ்டருக்கே வந்துவிட்டது. ஆர்கான் படத்தில் வரும் மாக்கியவெல்லி இதைப் பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

“சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டுட்டுப் பாத்துக்கொண்டு இருந்தனான். அந்த வருசம் எல்லாம் சுறுக்கா நடந்தது. கூப்பிட்டு, சத்தியப்பிரமாணம் எடுத்து, கையில தந்தாங்கள். ஏன் இந்த அவசரம் எண்டு பிறகுதான் விளங்கினது” என்று சிரித்தார். வாக்கெடுப்புக்கு முந்தைய மாதங்களில் மத்திய அரசு குடியுரிமை விண்ணப்பங்களை அவசரமாக முடித்தது என்பது இன்றுவரை ‘ஆம்’ தரப்பின் பெரிய குறை. குறை ஒரு பக்கம் மட்டும் இல்லை. லாவாலில் உள்ள ஷொமெடே தொகுதியில் பத்தில் ஒரு சீட்டுக்கும் மேலாகச் செல்லாது என்று தள்ளினார்கள். ‘வேண்டாம்’ வாக்குகள் நிறைய விழுந்த தொகுதி அது.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“என்ர முதல் வோட்டு 77இல, தம்பி. தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் போட்டனான். தமிழீழத்துக்கு ஆணை தாங்கோ எண்டுதானே கேட்டவை? அதுதான் எங்கட வாக்கெடுப்பு. அதுக்குப் பிறகு நடந்தது உமக்குத் தெரியும். இங்க வந்து போட்ட முதல் வோட்டும் இதுதான். தனிநாடு வேணுமோ, வேண்டாமோ. என்ர விதியைப் பாரும்.”

“என்ன போட்டீங்க, அங்கிள்?”

“நோன். வேண்டாம் எண்டுதான் போட்டனான்.” கொஞ்ச நேரம் டின்னுக்குள் எதையோ தேடினார். “ஒரு நாடு கேட்டு அடிபட்டு ஓடிவந்த சனம் நாங்கள். இன்னொரு சனம் நாடு கேக்கேக்க வேண்டாம் எண்டு போடுறன். சந்தோசமாப் போடேல்லை. ஆனா ரெண்டு பிள்ளையள், ஒரு வேலை. இதுவும் உடைஞ்சா இன்னொருக்கா ஓட ஏலாது.”

வாக்கெடுப்பு நாள் 1995 அக்டோபர் 30. தமிழ் வாசகர்களில் பலருக்கு அந்தத் தேதி வேறொன்றாக நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் இடம்பெயர்ந்த நாள். ராணுவம் ‘ரிவிரெச’ என்று பெயர் வைத்து முன்னேறிக்கொண்டிருக்க, லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே ராத்திரியில் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். அங்கிளின் அம்மாவும் அதில் ஒருத்தி.

“அம்மா நாவற்குழிப் பாலத்தால நடந்து சாவகச்சேரிக்குப் போனவ. எனக்கு ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் தெரியும். அண்டைக்கு இரவு ஒரு சேதியும் இல்லை, ரேடியோவில சண்டை எண்டு மட்டும் சொல்லுறாங்கள். இங்க டீவியில எண்ணிக்கை போகுது, ஏறுது, இறங்குது. பக்கத்து வீட்டு மனிசன் அழுறான். கடைசியில பரிசோ வந்து சொல்லுறார், நாங்கள் தோத்தது காசாலயும் இனத்தவரின்ட வோட்டாலயும்தான் எண்டு. என்ர தாய் எங்க எண்டு தெரியாமல் நான் இருக்கிறன். அந்த மனிசன் என்னைப் பாத்துச் சொல்லுறார்.”

எண்களையும் சொல்லிவிடுகிறேன். எதிராக 50.58 சதவீதம், ஆதரவாக 49.42. நூற்றுக்கு 93 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். வித்தியாசம் 54,288. ஒலிம்பிக் ஸ்டேடியம் நிறைந்தால் அவ்வளவு பேர்தான், அதில் பாதிப் பேர் மாறிப் போட்டிருந்தால் போதும். முதலமைச்சர் ஜாக் பரிசோ அந்த வார்த்தையைச் சொன்ன மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார். சொன்னதை எடுத்துப் பார்த்தால் கணக்குப்படி பொய் இல்லை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். பிரெஞ்சு பேசுபவர்களிலேயே பத்தில் நான்கு பேர் வேண்டாம் என்று போட்டிருந்தபோது, எண்ணிக் காட்ட அவருக்கு அங்கிள்தான் கிடைத்தாரா?

நடுவில் பேத்தி வந்தாள். மகள் வழிப் பேத்தி, பள்ளி முடித்ததும் போகும் சேஜெப் கல்லூரியில் படிக்கிறாள், 19 வயது. 2026 அக்டோபர் 5ஆம் தேதி மாகாணத் தேர்தல், மாகாணத் தேர்தலில் அவளுக்கு அதுதான் முதல் வாக்கு. பார்ட்டி கெபெக்வாவின் தலைவர் பால் சென்-பியேர் பிளாமோந்தோன், ஆட்சிக்கு வந்தால் முதல் தவணையிலேயே மூன்றாவது வாக்கெடுப்பு என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லி அவளைச் சீண்டினேன்.

“எனக்கு இன்னும் தெரியாது. உய் எண்டு போட்டாலும் போடுவன்.”

“பாத்தீரே!” என்றார் அங்கிள், என்னிடம்.

“அம்மப்பா, பரிசோ சொன்னது பிழை. அதை எங்கட ரீச்சரே வகுப்பில சொன்னவ. இங்க பிறந்த என்னையும் எங்கயிருந்து வந்தனீ எண்டு கேக்கிறவை இருக்கினம். ஆனா டொரொண்டோவுக்குப் போனா எனக்கு ஒருத்தரையும் விளங்கேல்லை. ஜோக் விளங்கேல்லை, பாட்டு விளங்கேல்லை. என்ர ஊர் இது.”

“ஊர் எண்டுறது பிரச்சினையில்லை. நாடு எண்டாத்தான் பிரச்சினை” என்றார் அங்கிள். ஆன்ட்டி உள்ளே இருந்து, “ரெண்டு பேரும் திரும்பத் தொடங்கியாச்சு” என்றார்.

ஆர்கான் படம் அவளுக்கும் தெரியும், வகுப்பில் போட்டிருக்கிறார்கள். பிடித்ததா என்றேன். “அந்தாள் ஆரைப் பாத்துச் சிரிக்கிறார்? எங்கட டெப்பன்னர் மனிசி மாதிரி ஆக்களைப் பாத்து. அவ காலமை ஆறு மணிக்குக் கடை திறக்கிறவ.” டெப்பன்னர் என்றால் இங்கே முக்குக்கடை.

இரண்டு நாளாக நான் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு இவள் ஒரே எட்டில் போய்விட்டாள்.

திங்கள், தெஷாம்போ

வாடகைக் கார். நெடுஞ்சாலையை விட்டு 138ஆம் சாலையைப் பிடித்தேன். ‘ராஜபாட்டை’ என்று பொருள்படும் ஷமென் தியு ருவா. 1737ல் முடித்த சாலை. தெ கோல் 1967ல் மாண்ட்ரியல் மாடத்துக்கு வந்தது இந்தச் சாலை வழியாகத்தான், கிராமம் கிராமமாக நின்று கை குலுக்கிக்கொண்டு. வலது பக்கம் செயின்ட் லாரன்ஸ் ஆறு விடாமல் கூட வருகிறது. மேப்பிள் எல்லாம் சிவந்து முடியும் நேரம். வாசலில் பூசணிக்காய் அடுக்கிய வீடுகள், கிட்டத்தட்ட எல்லா வீட்டு முற்றத்திலும் டிரைலரோ படகோ ஸ்னோமொபைலோ ஒன்று தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. ஆர்கான் சொல்லும் வசதி இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்கான் பிறந்தது தெஷாம்போவில், 1941. கியூபெக் நகரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வரும் கிராமம். ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் இரட்டைக் கோபுரத் தேவாலயமும் பழைய பாதிரியார் வீடும். அவர் பெயரைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. பேக்கரியில் காப்பி வாங்கும்போது என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. “ஆஸ்கார் வாங்கினவர்தானே?” என்றார். 2004ல் வாங்கினார், வேறொரு படத்துக்கு. வாக்கெடுப்புப் படம் பார்த்திருக்கிறீர்களா என்றதற்கு, “அது பழசு” என்று சொல்லிவிட்டு, ஆப்பிள் பை வேண்டுமா என்று கேட்டார்.

வேண்டும் என்றேன். நன்றாக இருந்தது.

கரையில் உட்கார்ந்து யோசித்தபோது ஆர்கான் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. 1970ல் அவர் எடுத்த படம் ஒன்று நெசவாலைத் தொழிலாளர்களைப் பற்றியது. முதலாளிகள் முறைத்ததும் வாரியம் அதைப் பூட்டி வைத்தது. 1976ல்தான் வெளியே விட்டார்கள். அங்கிள் தையல் மெஷினில் உட்கார்ந்த ஷபனெலுக்கும் அந்த ஆலைகளுக்கும் ஒரே நூல்தான். உழைக்கிறவர்கள் பக்கம் நின்று அடி வாங்கியவர், பத்து வருடம் கழித்து அவர்களே தங்களைக் கைவிட்டதாக நினைத்திருக்கலாம். அது அவர் வருத்தம். படம் முழுக்க அந்த வருத்தம் ஏளனமாக மாறிவிட்டது. தலைவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் அவர்களுக்கு மாக்கியவெல்லியின் தந்திரம் துணைக்கு இருக்கிறது, பென்ஷனுக்குப் பயந்த கிழவருக்குக் கேமராவுக்கு முன்னால் யாரும் இல்லை.

செவ்வாய், கியூபெக் நகரம்

மழை. ஆப்ரகாம் சமவெளியில் காலை நடை பாதியில் நின்றது. 1759 செப்டம்பர் 13ஆம் தேதி ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுப் படையை முறியடித்த இடம். இரண்டு தரப்புத் தளபதிகளும் அந்தச் சண்டையில் பட்ட காயத்தால் போனார்கள். இங்கே ஓடும் ஒவ்வொரு காரின் நம்பர் பிளேட்டிலும் ‘எனக்கு ஞாபகம் இருக்கிறது’ என்று எழுதியிருக்கும். 1978ல், லெவெக் ஆட்சியில் வந்த மாற்றம். அதற்கு முன்னால் ‘அழகான மாகாணம்’ என்றுதான் இருந்தது.

ஷாத்தோ ஃப்ரொந்தெனாக் ஹோட்டலுக்குள் காப்பி குடிக்கும் சாக்கில் நுழைந்தேன். இவெத்களின் முதல் கூட்டம் ஃபோரத்துக்கு ஒரு வாரம் முன்பு இங்கேதான், ஒரு காலைச் சாப்பாட்டு விருந்தாக. விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சட்டமன்றத்துப் பக்கத்தில், கிராந்த் அலேயில் லெவெக்கின் வெண்கலச் சிலை. இந்தச் சிலைக்கே ஒரு கதை உண்டு. 1999ல் வைத்த முதல் சிலை அவருடைய அசல் உயரத்திலேயே இருந்தது. மனிதர் குள்ளம். சுற்றிலும் மற்ற முதலமைச்சர்கள் பீடத்தில் ஓங்கி நிற்க, இவர் நடைபாதையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல இருக்கிறார் என்று ஆட்சேபம் கிளம்பியது. அதைக் கழற்றிவிட்டு 2001ல் பெரிதாக ஒன்று வைத்தார்கள். நான் பார்த்தது இந்தப் பெரியவரை. மழையில் நனைந்து பளபளத்தார். எனக்கென்னவோ அந்தப் பழையதைத்தான் பார்க்க ஆசை. தோற்ற இரவில் பேச முடியாமல் நின்ற மனிதர் அந்த உயரத்தில்தான் நின்றிருப்பார்.

சின்னச் சிலை இப்போது அவர் வளர்ந்த நியூ கார்லைலில் இருக்கிறதாம். கஸ்பே தீபகற்பத்தில், கடலோரத்தில். கூகுளில் பார்த்தேன், இங்கிருந்து ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும். காரை ஆறு மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், நாளை அலுவலகம். அங்கிள் வாட்ஸப்பில் கேட்டிருக்கிறார், கட்டுரையில் ‘நோன்’ போட்டதை எழுதப் போகிறேனா என்று. எழுதுகிறேன், பெயர் போட மாட்டேன் என்றேன். “பேரைப் போடாதேயும். பேத்தி சொன்னதைப் போடும்” என்று பதில் வந்திருக்கிறது.